மலைச் சரிவும் முட்டுக்கட்டையும்

முட்டுக்கட்டை என்னும் தமிழ்ச் சொல்லுக்கு வந்து வாய்த்த பழி பெரிது. நடக்கவேண்டிய நற்காரியத்தை ஒருவன் நடவாது தடுத்தால், முட்டுக்கட்டை போடுகிறான் என்று ஊரார் ஏசுவர். ஆனால் அச்சொல்லின் பிறப்பிடம் வசைக்குரியதன்று. தேரோடும் வீதியே அதன் பிறப்பிடம். ஆயிரம் கைகள் வடம் பிடித்திழுக்கத் தேர் அசைந்து வரும்போது, வடத்தைத் தொடாமல், தேர்ச் சில்லின் அருகே குனிந்தபடியே நடந்து வருவோர் சிலர் உளர். அவர் கையில் ஆப்பு வடிவான மரக்கட்டை இருக்கும். தேரைத் திருப்பவேண்டிய முனையிலும் நிறுத்தவேண்டிய நிலையிலும் அக்கட்டையைச் சில்லின் கீழ்ச் செருகுவோர் அவரே. வடம் பிடிப்போர் தெய்வத்தை நோக்கி நடப்பர். கட்டை போடுவோர் சில்லை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

ஏறத்தாழ 300 தொன் எடையுடையதெனச் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தத்தால் இயங்கும் தடுப்பையும் பொருத்தினர். அதன் பின்னரும் முட்டுக்கட்டை போடும் தொழிலாளர் அத்தேரை விட்டு விலகவில்லை. பெரும் பாரத்தை ஓடச் செய்வது ஒரு கலை; அதை நிற்கச் செய்வது மற்றொரு கலை என்பதைத் தமிழகத்துக் கோயில் வீதிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன.

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய அத்தேரோடும் சீமைகளிலிருந்து கடல் கடந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்த மக்கள், மற்றொரு வகையான பாரங்களைக் கையாள நேர்ந்தது. கோப்பி மூட்டையும், தேயிலைப் பெட்டியும், கொழுந்துச் சாக்கும், விறகும், உரமும் அப்பாரங்கள். அவை ஏறி இறங்கிய வழிகளோ சமதரையான தேர் வீதிகள் அல்ல. ஒரு புறம் மலையும் மறு புறம் பள்ளமுமான சரிவுப் பாதைகள். சமவெளியில் வண்டியை நகர்த்துவதற்கே முயற்சி வேண்டும். மலையிலோ வண்டி தானாகவே நகரும். அதனை நிறுத்தி வைப்பதற்கே முயற்சி வேண்டும். ஊவா மாகாணத்தின் போக்குவரத்து வரலாற்றை இந்த ஓர் உண்மையின் வழியே நோக்கினால், இன்று தோட்டங்களில் ஓடும் உழவு இயந்திரம் வரை பயன்படத்தக்க பாடம் ஒன்று கிட்டும்.

ஊவா 1886-ஆம் ஆண்டு தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகராயிற்று. மேற்கே அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை. கிழக்கே பசறை, மடுல்சீமை, லுணுகலை. நடுவே நமுனுகுலை மலை. வடக்கே படிப்படியாய்த் தாழ்ந்து சென்று மகாவலி ஆற்றங்கரை மகியங்கனைச் சமவெளியில் முடியும் நிலம். ஒரே மாவட்டத்துள் குளிர்ந்த தேயிலை மலையும் வெப்பமிகுந்த நெல் வயலும் அமைந்திருப்பது இந்நாட்டின் தனிச்சிறப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர், ஏறவோ இறங்கவோ வேண்டியவரே.

பழைய காலத்தில் இம்மலைவழிகளில் பொதிமாடுகள் வரிசையாகச் சென்றன. சிங்கள மக்கள் அவ்வரிசையைத் தவலம என்பர். மாட்டின் முதுகிற் கிடந்த பொதி, மாடு நின்றால் தானும் நின்றது. வண்டிப் பாதைகள் வெட்டப்பட்டு இரட்டை மாட்டு வண்டிகள் வந்தபோதுதான் சரிவின் இடர்ப்பாடு முதன்முதலாக வெளிப்பட்டது. சில்லுள்ள பாரம், இழுக்கும் மாட்டையும் மீறித் தன் வழியே போகக்கூடியது. ஆகவே, சில்லின் இரும்புப் பட்டையில் உரசும்படி ஒரு கட்டையைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு வண்டிக்காரன் இறக்கத்தில் இறங்கினான். ஏற்றத்தில் மாடு இளைத்து நின்றால், உடன் வந்தவன் ஓடிச்சென்று சில்லின் பின்னே கல்லை வைத்தான். மாடு இளைப்பாறியபின் வண்டி ஏறிவிடும். வைத்த கல் பாதையிலேயே கிடக்கும். அடுத்து வரும் வண்டிக்கு அக்கல்லே கேடாகவும் முடியும். மலைப்பாதையில் இன்றும் காணப்படுகின்ற வழக்கம் இது.

இனி, புகையிரதத்தின் வரலாற்றைக் காண்போம். கொழும்பிலிருந்து புறப்பட்ட மலைநாட்டு இருப்புப் பாதை 1885-இல் நானுஓயாவை அடைந்தது. 1893-இல் அப்புத்தளைக்கும், 1894-இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் தேதியே பதுளை நிலையம் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போர் இடையிற் குறுக்கிட்டது ஒரு காரணம். நிலத்தின் இயல்பு மற்றொரு காரணம். பட்டிப்பளைக்கும் ஒகியாவுக்கும் இடையே ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தை எட்டும் பாதை, பதுளையில் ஏறத்தாழ 650 மீற்றருக்கு இறங்கிவிடுகிறது. இவ்விறக்கம் முழுவதும் 70 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் நிகழ்வது.

இவ்வளவு இறக்கத்தையும் பொறியியலாளர் எவ்வாறு சமாளித்தனர்? 44 அடி ஓட்டத்துக்கு 1 அடிக்கு மேற்பட்ட சரிவு கூடாது என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர். அவ்வெல்லைக்குள் அடங்குவதற்காகவே எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்தது. அவ்வெல்லைக்குள் அடங்குவதற்காகவே தெமோதரையில் பாதை ஒரு பெரிய வட்டமிட்டு, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே உள்ள சுரங்கத்துட் புகுந்து வெளியேறுகிறது. தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த வட்டம் தோன்றிற்று என்று மலைநாட்டு மக்கள் ஒரு கதை சொல்வர். கதை மெய்யோ அன்றோ, அதில் ஒரு நியாயம் உண்டு. செங்குத்தாக இறங்கக்கூடாத இடத்தில் சுற்றியே இறங்கவேண்டும் என்பது தலைச்சுமையோடு மலையிறங்கும் தொழிலாளி ஒவ்வொருவனும் அறிந்த செய்தி.

ஆயினும் 44-க்கு 1 என்பதும் எளிய சரிவன்று. 44 தொன் எடையுள்ள பெட்டி ஒன்று அச்சரிவில் நின்றால், ஒரு தொன் விசை அதனை இடைவிடாது கீழ்நோக்கி இழுத்தவண்ணம் இருக்கும். இவ்விழுப்புக்கு ஓய்வில்லை, இரவு பகல் இல்லை. ஆகையால் அதனைத் தடுத்து நிற்பதும் ஓய்வற்றதாக இருத்தல் வேண்டும். இந்த உண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி, அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிக்கூடச் சிறுவரையும் அவர்தம் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணப் புகையிரதம் ஒன்று புறப்பட்டது. வண்டித் தொடர் நீண்டது. இயந்திரமோ அதற்கு ஏற்ற வலிமையுடையதன்று. ஏற்றத்தின் நடுவே அது நின்றுவிட்டது. தொடரை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலிற் கொண்டு செல்வதென்று முடிவு செய்தனர். அவ்வண்டிகளில் இருந்த பிறேக்கு, இயந்திரத்தோடு இணைந்திருக்கும்வரை மட்டுமே பிடிக்கும் இயல்பினது. இணைப்பைக் கழற்றியதும் பின்பாதி வண்டிகளுக்கு அது பயனற்றுப் போயிற்று. எஞ்சியது காவலரின் கைப்பிறேக்கும், சில்லுகளின் கீழ் வைத்த சில கற்களுமே. முன்பாதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பின்பாதி வண்டிகள் வந்த வழியே சரிந்து ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு புகையிரதத்தோடு மோதின. 80 உயிர்கள் மாண்டன. மாண்டோருட் பலர் சிறு குழந்தைகள்.

அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம், பயணிகள் புகையிரதம் ஒவ்வொன்றிலும் எல்லா வண்டிகளையும் தொடர்ந்து பற்றும் தானியங்கிப் பிறேக்கு இருத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றிற்று. இத்தகைய பிறேக்கு அதற்கு முன் உலகில் இல்லாதிருந்ததா? இருந்தது. அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ற்றிங்ஹவுஸ் 1872-ஆம் ஆண்டளவிலேயே காற்றழுத்தத்தால் இயங்கும் தானியங்கிப் பிறேக்கை ஆக்கியிருந்தார். அறிவு 17 ஆண்டுகள் காத்து நின்றது. குழந்தைகள் மாண்ட பின்னரே சட்டம் விழித்தது.

தானியங்கிப் பிறேக்கின் நுட்பத்தைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் நன்று. பழைய பிறேக்கில், வண்டியை நிறுத்த விரும்புபவன் ஒரு விசையை உண்டாக்கவேண்டும். விசை அற்றுப்போனால் வண்டி ஓடும். புதிய பிறேக்கில் இம்முறை தலைகீழாக மாற்றப்பட்டது. இலங்கைப் புகையிரதங்களிற் பயன்படும் வெற்றிடப் பிறேக்கையே உதாரணமாகக் கொள்ளலாம். வண்டித் தொடர் நெடுகிலும் செல்லும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிறேக்கு தளரும், வண்டி ஓடும். குழாய் அறுந்தாலும், இணைப்புக் கழன்றாலும், காற்று உட்புகுந்து பிறேக்கு தானே இறுகிவிடும். அதாவது, ஓடுவதற்கே முயற்சி வேண்டும். முயற்சி தவறினால் வண்டி நிற்கும். பழுது நேர்ந்தாலும் அப்பழுது காவலின் பக்கமே சாய்கிறது. பதுளைப் பாதையில் நூறு ஆண்டுகளாகப் புகையிரதம் இறங்கி வருவது இந்தத் தத்துவத்தின் மீதேயாகும்.

இதே பாடம் தேயிலைத் தொழிற்சாலையினுள்ளும் வேறு வகையாகக் கற்கப்பட்டது. 1890-ஆம் ஆண்டில் அப்புத்தளைக்கருகே தம்பேதன்னையில் எழுந்த லிப்டன் தொழிற்சாலை போன்ற பெரிய கட்டடங்கள் ஊவாவில் எழலாயின. அக்காலத்துத் தொழிற்சாலைகளில், கூரையை ஒட்டி நீண்டு கிடக்கும் இரும்புத் தண்டு ஒன்றை நீர்ச் சக்கரமோ எண்ணெய் இயந்திரமோ சுழற்றும். அத்தண்டிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி வந்து, கொழுந்தை உருட்டும் ரோலர் முதலிய இயந்திரங்களை ஓட்டும். ரோலரின் அச்சில் இரண்டு கப்பிகள் அருகருகே இருக்கும். ஒன்று அச்சோடு பிணைந்து சுழல்வது. மற்றையது அச்சின்மேல் வாளா சுழல்வது. பட்டியை வாளா சுழலும் கப்பிக்குத் தள்ளினால் ரோலர் நின்றுவிடும். நின்றது என்று எண்ணித் தொழிலாளி அதனுட் கைவிட்டுத் துப்புரவு செய்வான். ஆனால் பட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது மெல்ல நழுவி மற்றைக் கப்பியின்மேல் ஏறிவிட்டால், எவரும் ஓட்டாமலே ரோலர் ஓடத் தொடங்கும்.

இவ்வாறு பட்டி நழுவாதபடி தடுக்கும் கருவி அமைக்கவேண்டும் என்று பிரித்தானியாவின் 1937-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அச்சட்டத்தைப் பெரிதும் பின்பற்றி இலங்கையில் 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. சுழலும் உறுப்புகளுக்கு வேலி வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதற்கு முன்னரே, 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. வேலை செய்கையில் காயமுற்றவனுக்கும், இறந்தவனைச் சார்ந்தோருக்கும் ஈடு கிடைக்க அது வழிசெய்தது. இரண்டையும் ஒப்புநோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். முன்னது இழந்த கைக்கு விலை பேசிற்று. பின்னது கையை இழக்காதிருக்க வழி தேடிற்று. நாகரிகம் முன்னது கொண்டு அமையாமல் பின்னதற்கு வந்தது நல்ல வளர்ச்சி. ஆனால் அவ்வளர்ச்சி தொழிற்சாலையின் சுவரோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. சுவருக்கு வெளியே, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலான செம்மண் பாதையில், வேறொரு இயந்திரம் வந்து சேர்ந்தது.

அதுவே உழவு இயந்திரம். அதன் வரலாறு மிகப் பழையதன்று. 1917-இல் அமெரிக்காவில் போர்ட்சன் உழவு இயந்திரம் பெருந்தொகையாகச் செய்யப்பட்டபின்னரே சாதாரண விவசாயியின் கைக்கு அது எட்டிற்று. கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கிக்கொண்டால், அவ்வியந்திரம் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு பின்புறமாகக் கவிழ்ந்து, ஓட்டுபவன் மேலேயே விழுவதுண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்குசன் அமைத்த மும்முனை இணைப்பு இவ்விடரைப் பெரிதும் குறைத்தது. 1946 முதல் வெளிவந்த அவருடைய சிறிய சாம்பல்நிற இயந்திரம் உலகெங்கும் பரவிற்று.

இலங்கையில் இத்துறையில் மறவாத பெயர் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 1924-இல் பிறந்து 2010-இல் மறைந்த அவர், 1950-களில் லேண்ட்மாஸ்ரர் என்னும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கினார். அப்பெயர் காலப்போக்கில் இலங்கைக் கிராமத்தில் அவ்வகை இயந்திரங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகவே வழங்கலாயிற்று. பிற்காலத்தில் அவரே, உழுதலைக் குறைத்து மண்ணைக் காக்கும் வேளாண்மையையும், சரிவு நிலத்தில் சமவுயரக் கோட்டில் வேலிமரம் நட்டுப் பயிர்செய்யும் முறையையும் வலியுறுத்தினார். இயந்திரத்தை ஆக்கியவரே அதன் எல்லையையும் எண்ணிப் பார்த்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

மகியங்கனை, கிராந்துருக்கோட்டை முதலிய தாழ்நிலங்களில் உழவு இயந்திரம் தன் பெயருக்கேற்ப வயலை உழுகிறது. மலைத் தோட்டங்களிலோ அதற்கு உழவு வேலை அரிது. பின்னால் ஒரு பெட்டியைப் பூட்டிக்கொண்டு கொழுந்தும் உரமும் விறகும் தண்ணீரும் ஏற்றுவதே அங்கு அதன் தொழில். சமநிலத்தை எண்ணி ஆக்கப்பட்ட இயந்திரம், மலைச்சரிவில் வண்டி வேலை செய்யப் புகுந்தது. தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உடைமையும் நிருவாகமும் மாறினவேயன்றிப் பாதையின் சரிவு மாறவில்லை.

அச்சரிவின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். புகையிரதப் பாதை 44-க்கு 1 என்றால், தோட்டத்துப் பாதையில் 10-க்கு 1 என்ற சரிவு காண்பது அரிதன்று. இயந்திரமும் பெட்டியும் பாரமும் சேர்ந்து 4 தொன் என்று கொண்டால், அங்கே அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 400 கிலோகிராம். பிடி நழுவினால், மண்பாதையின் உராய்வைக் கழித்தும், 50 மீற்றர் ஓடுவதற்குள் அது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தை எட்டிவிடும். அதற்கு ஆகும் காலம் பன்னிரண்டு விநாடி. ஓடிச்சென்று ஏறி நிறுத்திவிடலாம் என்று ஒருவன் எண்ணுவதற்குள் காரியம் முடிந்துவிடும். அவ்வாறு ஓடிச்சென்று ஏற முயல்வதே மேலும் ஓர் உயிரைக் கேட்கும் செயல்.

பிடி எவ்வாறு நழுவுகிறது? முதலாவது, கைப்பிறேக்குத் தேய்ந்திருத்தல். உழவு இயந்திரத்தின் பிறேக்குப் பெரும்பாலும் பின்சில்லுகளை மட்டுமே பற்றும். முகம் கீழ்நோக்கி நிற்கையில் எடை முன்புறம் சாய்ந்து, பின்சில்லின் பிடி குறையும். மழை நனைத்த மண்ணில், சில்லு சுழலாமலே முழு இயந்திரமும் வழுக்கிச் செல்வதும் உண்டு. பின்னாலுள்ள பெட்டிக்குத் தனிப் பிறேக்கு இல்லையெனில், அதன் பாரம் முழுவதும் முன்னுள்ள இயந்திரத்தையே தள்ளும்.

இரண்டாவது, பற்றரி கெட்டிருத்தல். பற்றரி வலுவிழந்த இயந்திரத்தைச் சரிவிலே முகம் கீழ்நோக்க நிறுத்தி, சில்லுக்கு ஒரு கல் வைத்துவிட்டுச் செல்லும் பழக்கம் மலைநாட்டில் உண்டு. கல்லை எடுத்தால் இயந்திரம் உருளும். உருளும்போது கியரில் விட்டால் உயிர்பெறும். காலையில் வேலையைத் தொடங்குவதற்கு அது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அந்நேரமெல்லாம் 4 தொன் பாரத்துக்கும் கீழேயுள்ள லயத்துக்கும் இடையே நிற்பது ஒரேயொரு கல். விளையாடும் சிறுவன் அக்கல்லை அசைத்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆர்மாவிலும் நொறுங்கியவை கற்களே.

மூன்றாவது, தரையில் நின்றுகொண்டே இயந்திரத்தைக் கிளப்புதல். சாவிப்பூட்டுப் பழுதானால், ஸ்ராட்டரின் இரு முனைகளைத் திருப்புளியால் தொட்டுக் கிளப்புவோர் உளர். அவர் நிற்கும் இடம் பெரும்பாலும் பின்சில்லின் நேர் முன்னே. கியர் விழுந்திருப்பதை மறந்திருந்தால், இயந்திரம் கிளம்பிய கணமே அவர்மேல் ஏறிவிடும்.

நான்காவது, இரண்டு சில்லு இயந்திரத்துக்கே உரிய ஒரு வஞ்சகம். அதனைத் திருப்புவதற்குக் கைப்பிடியின் இருபுறமும் கிளச்சுப் பிடிகள் உண்டு. சமதரையில் இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லின் விசை அற்று, வலச்சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ, விசையற்ற சில்லு இயந்திரத்தின் தடையினின்றும் விடுபட்டு விரைந்து உருளும். ஆகவே இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பும். மலைப்பக்கம் திருப்ப எண்ணியவன் பள்ளத்தின் பக்கம் போய்விடுவான். இதனைச் சொல்லிக்கொடாமல் ஒருவன் கையில் அவ்வியந்திரத்தைக் கொடுப்பது பெரும் பிழை. நான்கு சில்லு இயந்திரத்திலும் இதற்கு ஒப்பான ஓர் இடர் உண்டு. வயலிலே திருப்புவதற்கு வசதியாக இடது, வலது பிறேக்குப் படிகள் தனித்தனியாக அமைந்திருக்கும். பாதையில் ஓடும்போது அவ்விரண்டையும் கொளுவியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒருபுறம் சுழன்று கவிழும்.

இவற்றுக்கெல்லாம் மாற்று இல்லையா என்றால், உண்டு. அது எளியதும் ஆகும். இயந்திரத்தை விட்டு இறங்குபவன் நான்கு செயல்களை முறை பிறழாமல் செய்தல் வேண்டும். கைப்பிறேக்கை முழுவதும் இறுக்குதல், தூக்கி நிற்கும் கருவிகளைத் தரையில் இறக்கி, சுழலும் தண்டின் விசையை அறுத்தல், இயந்திரத்தை நிறுத்துதல், சாவியைக் கையிலெடுத்தல். சரிவிலே நிறுத்தினால் இவற்றோடு மேலும் இரண்டு சேரும். முகம் மேல்நோக்கின் முதற் கியரிலும், கீழ்நோக்கின் பின்னோட்டக் கியரிலும் விட்டு நிறுத்துதல் ஒன்று. முட்டுக்கட்டை வைத்தல் மற்றொன்று. முட்டுக்கட்டை என்பது கைக்கு அகப்பட்ட கல்லன்று. சில்லின் வளைவோடு பொருந்தும் ஆப்பு வடிவான வைரமரக் கட்டை அது. இரண்டு கட்டைகளைக் கயிற்றாற் கட்டி இயந்திரத்திலேயே தொங்கவிட்டால், தேடுவதும் இல்லை, பாதையில் விட்டுச்செல்வதும் இல்லை. இறக்கத்தில் இறங்குகையில் கிளச்சை மிதித்துக்கொண்டோ, கியரை விடுவித்தோ உருளவிடலாகாது. எந்தக் கியரில் ஏறமுடியுமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய லொறிச் சாரதிகள் வழிவழியாகச் சொல்லிவந்த நெறி.

இந்நெறிகளை ஓட்டுபவன் மறந்தால் குற்றம் அவனுடையது என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. வரலாறோ அவ்வாறு சொல்லவில்லை. ஆர்மா விபத்துக்குப் பின், காவலர் இன்னும் விழிப்பாக இருக்கவேண்டும் என்ற அறிவுரையோடு பாராளுமன்றம் நின்றுவிடவில்லை. பிறேக்கையே மாற்றச் சொல்லிற்று. ரோலரில் கைவிடுபவன் கவனமாக இருக்கட்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் விட்டுவிடவில்லை. பட்டி நழுவாத கருவியைக் கேட்டது. 1959-இல் சுவீடன் நாடு, கவிழ்ந்தாலும் ஓட்டுபவன் நசுங்காதபடி காக்கும் உறுதியான சட்டகம் புதிய உழவு இயந்திரம் ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டுமென விதித்தது. பின்னர் அங்கு இவ்வகைச் சாவுகள் பெரிதும் குறைந்தன. சர்வதேசத் தொழில் தாபனம் 2001-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட 184-ஆம் இலக்கச் சமவாயம், விவசாயத் தொழிலாளியின் பாதுகாப்பும் தொழிற்சாலைத் தொழிலாளியின் பாதுகாப்பைப் போன்றே பேணத்தக்கது என்று உலகுக்கு அறிவித்தது. மனிதன் மறப்பான் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, மறந்தாலும் உயிர் போகாத வழியை அமைப்பதே இவை அனைத்துக்கும் பொதுவான அறம்.

தோட்டத்து உழவு இயந்திரத்துக்கு அந்த அறத்தைப் பொருத்திப் பார்த்தால், கடமை பலருக்கும் உரியதாகும். புதிய பற்றரி வாங்கிக் கொடுக்காத நிருவாகம், கல்லின்மேல் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னதற்கு ஒப்பாகும். தேய்ந்த பிறேக்கை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுதி வைக்கும் கணக்கேடு, சரிவு அடுத்த மாதம்வரை பொறுத்திருக்கும் என்று நம்புகிறது. மாலைக் கொழுந்தை வாடுமுன் தொழிற்சாலையிற் சேர்க்க ஓட்டுபவனை விரட்டும் உத்தியோகத்தர், அவன் இறங்கிக் கட்டை வைக்கும் அரை நிமிடத்தையும் கூலி நேரத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும். கொழுந்துச் சாக்கின்மேல் ஏறிக்கொண்டு வீடு திரும்பும் பெண்களுக்கும், பெட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கும் அதைவிட நல்ல ஊர்தி கிடைக்கச் செய்வதும் அக்கடமையுள் அடங்கும்.

தெமோதரை நிலையத்தில் நிற்பவர், பாதை வட்டமிட்டுத் தம் காலடியிலுள்ள சுரங்கத்துட் புகுவதைக் காணலாம். ஒரு சரிவை மதித்து நடப்பதற்காக மனிதர் எவ்வளவு நிலத்தை வெட்டி, எவ்வளவு கல்லை அடுக்கி, எத்தனை ஆண்டு காத்திருந்தனர் என்பதை அக்காட்சி உணர்த்தும். அவ்வட்டத்தைச் சூழ்ந்த மலைகளிலே, இன்று மாலையும் ஒரு கொழுந்துப் பெட்டி இறங்கி வரும். நிறுக்கும் மடுவத்தருகே இயந்திரம் நிற்கும். ஓட்டுபவன் இறங்கிவந்து, சில்லின் கீழே கட்டையை வைத்துக் காலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பானாயின், கீழேயுள்ள லயத்தில் அடுப்பு மூட்டும் தாய்க்கு அச்செய்தி தெரியப்போவதில்லை. தெரியாமலிருப்பதே நல்லது. அக்கட்டைக்குத் தமிழர் இட்ட பெயர் முட்டுக்கட்டை. ஊரார் ஏச்சு எதுவாயினும், மலையிலே அச்சொல் வாழ்த்துக்குரியது.